கணக்கு எண் வாங்கச் சென்னைக்குப் போனேன்

ஒரு வங்கிக் கணக்கு எண்ணை வாங்கி வருவதற்காகத்தான் நான் முதன்முதலாகச் சென்னைக்குப் போனேன். போனில் கேட்டால் சொல்லிவிடுகிற விஷயத்துக்கு யாராவது விமானம் ஏறுவார்களா என்று அமெரிக்காவில் இருக்கும் என் மகள் கேட்டாள். போனில் ஐந்து மாதமாகக் கேட்டுப் பார்த்தாகிவிட்டது என்றேன்.

நான் மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்தவள். ஒரு தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். எங்கள் குடியிருப்பு முனையில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அங்கே இலியாஸ் என்கிற மயிலாப்பூர்க்காரர் பதின்மூன்று வருடம் ரொட்டி சானாய் போட்டார். தமிழ்நாட்டுப் பரோட்டாவுக்குத் தம்பி முறை அது. காலை ஏழு மணிக்கு நான் நாற்காலியை இழுக்கும்போதே என் தட்டு வந்துவிடும். ஒருநாள் காலை ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்றிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். நாற்பத்து நான்கு வயது. வீட்டாரிடம் போனில் சம்மதம் கேட்டு அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் அவர் குடும்பத்துக்குப் பணம் திரட்டியது. பொருளாளர் நான். அவர் மனைவி பர்வீனைப் போனில் அழைத்துக் கணக்கு எண்ணைக் கேட்டேன். "இத்தா முடியட்டும்க்கா" என்றாள். கணவன் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. அதற்கும் எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. இத்தா முடிந்ததும் கேட்டேன். "அனுப்பறேன்" என்றாள். அனுப்பவில்லை.

எங்கள் ஊரில் கணக்கு எண் என்பது வீட்டு முகவரி மாதிரி. கல்யாண அழைப்போடு வரும், கோயில் திருப்பணி அறிவிப்பில் இருக்கும், சாவுச் செய்திக்குக் கீழே மகனோ மகளோ போட்டிருப்பார்கள். நாம் பணத்தைப் போட்டுவிட்டு ரசீதைப் படமெடுத்து அனுப்புவோம். அதனால் ஒரு பெண் தன் எண்ணைச் சொல்லத் தயங்குவது சங்கத் தலைவருக்குப் பிடிபடவில்லை. "நேரில் போய்ப் பாருங்கள். அப்படி ஓர் ஆள் இருக்கிறாளா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். ரொக்கமாகக் கையில் கொடுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். வங்கியிலிருந்து வங்கிக்குத்தான் போக வேண்டும், அதுதான் பாதுகாப்பு என்று நான் மறுத்தேன். சங்கத்தில் அந்த விதியை எழுதியதே நான்தான்.

இலியாஸின் பையை என்னிடம் கொடுத்தார்கள். மூன்று சட்டை, இரண்டு கைலி, கண்ணாடி விரிசல் விட்ட போன், சில காகிதங்கள். அலுவலகப் பழக்கத்தில் ஒவ்வொரு காகிதத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அடையாற்றில் விடுதி எடுத்திருந்தேன். வாடகை ஏன் அவ்வளவு குறைவு என்று போன பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் புற்றுநோய் மருத்துவமனை. விடுதி முழுக்க நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களும். நடைவழியில் பெரிய உறைகளில் ஸ்கேன் படங்கள், ஃபிளாஸ்க், காயப்போட்ட துண்டு. பக்கத்து அறையில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். மனைவிக்கு வைத்தியம்.

"நீங்க யாருக்கும்மா வந்திருக்கீங்க?" என்றார்.

"யாருக்கும் இல்லீங்க" என்றேன்.

நோய் எனக்குத்தான் என்று நினைத்துவிட்டார். லிஃப்ட் வந்தபோது எல்லாரையும் விலகச் சொல்லி என்னை முதலில் ஏறவிட்டார். நான் மறுத்துச் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது.

எதிரே டீக்கடைச் சுவர் முழுக்கக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. தலைமுடி இல்லாத ஒரு குழந்தையின் படம், டாக்டர் கடிதத்தின் நகல், அதன் கீழே கொட்டை எழுத்தில் தகப்பன் பெயர், கணக்கு எண், கிளையின் குறியீடு. அப்படிப் பத்துப் பன்னிரண்டு. கடைக்காரர் மேசையில் ஒரு சின்னப் பெட்டி, யாராவது ஸ்கேன் செய்து பணம் போட்டால் எவ்வளவு வந்தது என்று உரக்கச் சொன்னது. சுவரைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அம்மா, அந்த நம்பரையா செவுத்துல ஒட்டி வச்சிருக்காங்க? இங்கல்லாம் செக்குக்கு அடியில இருக்கிற நம்பர் தெரிஞ்சாலே போதும். எவனோ ஒருத்தன் நம்ம கணக்குலேர்ந்து அவன் பில்லைக் கட்டிட்டுப் போயிடுவான். நான் என் நம்பரை யாருக்கும் சொல்ல மாட்டேன்."

பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நம்பரை வச்சு என்னம்மா எடுக்க முடியும்? போனுக்கு வர்ற ஓடிபியைச் சொன்னாத்தான் போச்சு. போடுறவன் போட்டுட்டுப் போறான்" என்றார். அது எனக்குத் திருப்தியாக இருந்தது. அமெரிக்காவில் எண் என்பது திறந்த கதவு. எங்கள் ஊரிலும் இங்கேயும் அது உண்டியல் துவாரம் என்று முடிவு கட்டினேன். இட்லி நன்றாக இருந்தது. சட்னியில் எங்களூரைவிட உறைப்பு அதிகம்.

மறுநாள் மயிலாப்பூர். கச்சேரி சாலைக்குப் போக வேண்டும் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன்.

"உள்ள போவாதும்மா. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டுக்கினு கீறான். குளத்தாண்ட வுடறேன், நடந்து போயிடு" என்றார். ஊர் முழுக்கத் தகரத் தடுப்புகள். சுற்றிச் சுற்றி வந்து குளத்தின் தவறான பக்கத்தில் இறக்கிவிட்டார். ஸ்கேன் செய்ய எனக்கு இந்தியக் கணக்கு இல்லை. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டியதும் அவர் முகம் மாறியது. "இன்னாம்மா, காலங்காத்தால?" பூக்காரப் பெண்ணிடம் சில்லறை வாங்கினோம். அவள் கூடையிலும் கட்டம் போட்ட ஸ்கேன் அட்டை செருகியிருந்தது.

பர்வீனின் வீட்டைக் கண்டுபிடிக்க வெயிலில் முக்கால் மணி நேரம் ஆனது. மாடியில் ஒற்றை அறை, ஒரு சின்னச் சமையலிடம். பர்வீனுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். மெலிந்த முகம், கூர்ந்து பார்த்துப் பார்த்துச் சுருங்கிய கண்கள். ஆரி வேலை செய்கிறாள். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் தைப்பது. தி. நகர் கடைகள் ரவிக்கைத் துணியைக் கொடுத்தனுப்புகின்றன. இலியாஸ் இருந்தபோது கைச்செலவுக்குச் செய்தாள். இப்போது வீடே அதில்தான் ஓடுகிறது. மகள் சனா கல்லூரியில் முதல் வருடம்.

குஸ்காவும் தால்சாவும் செய்து வைத்திருந்தாள். "நான் பசியாறிவிட்டேனே" என்றேன். காலை உணவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"பசி ஆறிடுச்சா? அப்ப சாப்பிட மாட்டீங்களாக்கா?" என்று கேட்டவள், பிறகு தானே சிரித்தாள். "அவரும் போன்ல அப்படித்தான் கேப்பாரு. பசியாறிட்டியான்னு. அங்க போயி கத்துக்கினது."

பையை வாங்கிச் சுவரோரம் வைத்தாள். திறக்கவில்லை. கல்லறைப் படத்தை என் போனில் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "இது அவரு பேரா?" என்று கேட்டாள். மலாய் முறையில் எழுதியிருந்தது. ஆமாம் என்றேன். எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் எண்ணைக் கேட்டேன்.

"நம்பர்தானேக்கா? சனா வரட்டும், எழுதித் தரச் சொல்றேன்."

சனா நான்கு மணிக்கு வந்தாள். தாயைப் பார்த்தாள், பிறகு மேல் பலகையைப் பார்த்தாள். "பாஸ்புக்கு எங்க வச்சேன்னு தெரியலக்கா. தேடி வைக்கறேன்" என்றாள் பர்வீன். பலகையில், துணி மூட்டைக்கு அடியில், ஒரு வங்கிப் புத்தகத்தின் நீல முனை எனக்கே தெரிந்தது.

கோபமாகத்தான் இறங்கினேன். மாடவீதிப் பக்கம் ஒரு ஹோட்டலில் காபிக்கு உட்கார்ந்தேன். அடுத்த மேசையில் ஒரு வயதான தம்பதி. "எத்தனை தடவை சொல்லிண்டு இருக்கேன், போன்ல கேக்கறவாளுக்கெல்லாம் பென்ஷன் அக்கவுண்ட் நம்பரைச் சொல்லாதேள்னு" என்றார் அந்த அம்மாள். "நம்பர்தானேடி கேட்டான்" என்றார் கணவர். நான் மனதுக்குள் கணவர் பக்கம் நின்றேன்.

விடுதிக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். போனில் இலியாஸின் காகிதங்களைப் புரட்டினேன். கிள்ளானில் ஒரு பணமாற்றுக் கடையில் கொடுத்த சீட்டு இருந்தது. பர்வீன் பெயர், கணக்கு எண், தி. நகர்க் கிளையின் குறியீடு, எல்லாம் தெளிவாக. ஐந்து மாதம் கேட்டது என் பையிலேயே இருந்திருக்கிறது. அவளுக்குக் கூச்சம், யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லாதவள், அதனால்தான் இழுக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பணத்தை எடுக்கத்தானே அனுமதி வேண்டும், போட யார் அனுமதி வேண்டும்? சங்கப் பணம் என் கணக்கில்தான் இருந்தது. பணம் அனுப்பும் செயலியைத் திறந்து எண்ணை இரண்டு முறை சரிபார்த்து முழுத் தொகையையும் அனுப்பினேன். ஒரு வருட வாடகையையும் சனாவின் கல்லூரிக் கட்டணத்தையும் தாங்கும் தொகை. சில நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ரசீதைப் படமெடுத்துத் தலைவருக்கு அனுப்பி, "முடிந்தது" என்று எழுதினேன். அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

மூன்றாம் நாள் காலை, அரைக் கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டு அந்த மாடியேறினேன். பர்வீன் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்புக்கைத் தேட வேண்டாம். நேத்தே அனுப்பிட்டேன்" என்றேன்.

ஊசி துணிக்குள் இறங்கி அங்கேயே நின்றது.

"எதுலக்கா?"

"உன் கணக்குலதான். இலியாஸ் அனுப்பின பழைய சீட்டுல நம்பர் இருந்துச்சு."

"மொத்தமுமா?"

"மொத்தமும்தான்."

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். "உங்களாண்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். என் தப்புதான்க்கா" என்றாள். அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால், இலியாஸ் உயிரோடு இருந்தபோது நடந்தது. போனில் அவள் வேலைகளின் படங்களைப் போட்டு, கீழே கணக்கு எண்ணையும் கொடுத்திருந்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண் கல்யாண ரவிக்கைக்குச் சொல்லி மூவாயிரம் ரூபாய் முன்பணம் அனுப்பினாள். பர்வீன் ஒன்பது நாள் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். இரண்டு வாரம் கழித்து வங்கியில் பணம் எடுக்கப் போனால் வரவில்லை. வடக்கே எங்கோ ஒரு மாவட்டத்தில் ஒரு கிழவரிடம் யாரோ போனில் ஏமாற்றிப் பிடுங்கிய பணம், நான்கைந்து கணக்குகள் மாறி, அதில் ஒரு துளி அந்தப் பெண் வழியாக இவளுக்கு வந்திருக்கிறது. அந்த ஊர்ப் போலீஸ் பணம் போன வழியெல்லாம் கணக்குகளை முடக்கச் சொல்லிவிட்டது.

"நான் தெச்ச ப்ளவுஸைப் போட்டுக்கினு அவ கல்யாணம் பண்ணிக்கினா. துட்டு மட்டும் எவனுதோ" என்றாள் பர்வீன். "அக்கவுண்ட்டுக்கு உள்ள போவும்க்கா. வெளிய வராது. அவரு கடைசியா அனுப்பினதும் அதுக்குள்ளதான் கீது."

இலியாஸுக்கு இது தெரியும். பிறகு இரண்டு முறை, ஊருக்கு வந்தவர்கள் கையில் பணம் கொடுத்தனுப்பியிருக்கிறார். பெருநாளுக்கு விடுப்பில் வந்து அந்த ஊர்ப் போலீஸிடம் தானே போய்ப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். கணக்கு முடங்கியதிலிருந்து இறக்கும்வரை, அந்த இரண்டு மாதமும், தினமும் காலை ஏழு மணிக்கு என் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாரே தவிர எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போனை எடுத்து அந்தச் சீட்டின் தேதியைப் பார்த்தேன். அவர் இறப்பதற்கு மூன்று மாதம் முந்தைய தேதி. அதற்குப் பிறகு சீட்டே இல்லை. ஏன் இல்லை என்று பொருளாளரான எனக்குத் தோன்றவே இல்லை.

"வேற யார் நம்பராவது கொடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"கேட்டா குடுப்பாங்க. என் விஷயமா துட்டு போயி அவங்களுதையும் புடிச்சிட்டா? இன்னொரு பேங்க்ல புதுசா ஆரம்பிக்கப் போனேன். பழசு இன்னாச்சுன்னு கேட்டாங்க. சொன்னதும், அப்பறம் வாங்கன்னுட்டாங்க. இத்தாவுல வெளிய போவ முடியாம நாலு மாசம் அப்படியே கெடந்துச்சு." பிறகு குரல் தாழ்ந்தது. "நீங்க நேர்ல வரேன்னதும், கைலதான் கொண்டாருவீங்கன்னு நெனச்சேன்."

இனிப்புப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் தி. நகர் வங்கிக் கிளைக்குப் போனோம். உஸ்மான் சாலையில் பேருந்து நகரவில்லை. இறங்கி நடந்தோம். துணிக்கடை வாசல்களில் உள்ளே வரச் சொல்லிக் கூவினார்கள். பர்வீன் கூட்டத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளை அதிகாரி மரியாதையானவர். கணினியைப் பார்த்தார். "முந்தாநாள் ஒரு பெரிய கிரெடிட் வந்திருக்கு. வெளிநாட்டுலேர்ந்து."

"நான்தான் போட்டேன். தெரியாமல் போட்டுவிட்டேன். எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்றேன்.

"எப்படி மேடம்? திருப்பி அனுப்பினா அதுவும் டெபிட்தானே. எந்த டெபிட்டும் போகாது. அந்த ஸ்டேஷன்லேர்ந்து தடையில்லைன்னு லெட்டர் வரணும்."

"அவர்களுக்கு எழுதினால்?"

"பதினோரு தடவ மெயில் போட்டாச்சுக்கா. சனாதான் போடுவா" என்றாள் பர்வீன்.

அதிகாரி கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு சொல்லணும். முடக்கின கணக்குல இப்படித் திடீர்னு வெளிநாட்டுப் பணம் வந்தா, அதைப் பத்தியும் கேள்வி வரும். முன்ன மூவாயிரத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்துச்சு."

பர்வீன் தலையை ஆட்டினாள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அங்கிருந்து ஒரு போலீஸ் அலுவலகம். இரண்டரை மணி நேரம் பெஞ்சில் இருந்தோம். உள்ளே இருந்தவர் சொன்னார்: "இது எங்க கேஸ் இல்லம்மா. எந்த ஊர்ல புகார் இருக்கோ அங்க நேர்ல போகணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க இவங்களுக்கு என்ன உறவு?"

"உறவு இல்லை."

"உறவு இல்லாம எதுக்கு மலேசியாலேர்ந்து இவ்ளோ பணம் போடுறீங்க?"

ரொட்டி சானாயைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். காலை ஏழு மணி, தட்டு, பதின்மூன்று வருடம். அவர் கேட்டுக்கொண்டார். எழுதிக்கொள்ளவில்லை. "அங்க கேப்பாங்க. இதெல்லாம் எழுதி, உங்க சங்கத்து லெட்டரோட இவங்க கைல கொடுங்க" என்றார்.

பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சைவச் சாப்பாடு வாங்கினோம். பர்வீன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்கேன் அட்டையைக் காட்டி, இதில் யார் யாரோ பணம் போடுகிறார்களே, பயமில்லையா என்று கேட்டேன். "பயந்தா எப்டிம்மா? ஸ்கேன் இல்லன்னா எவனும் ஏறமாட்டான்" என்றார். பர்வீன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை தூக்கம் பிடிக்காமல் ஊரூர் குப்பம் வரை நடந்தேன். படகுகள் கரையேறியிருந்தன. மீன் விற்கும் பெண்கள் ஒவ்வொருவர் பலகையிலும் ஒரு ஸ்கேன் அட்டை. நான்கு நாள் முன்னால் அதைப் பார்த்திருந்தால் ரசித்திருப்பேன். இப்போது ஒரு பெண்ணிடம் நின்று, தெரியாதவர்களிடம் இதில் பணம் வாங்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மீன் வாங்க வருகிறவர்களில் யார் தெரிந்தவர்? சங்கராவா, வவ்வாலா என்று அவள் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அன்று பிற்பகல் கடைசியாகப் பர்வீன் வீட்டுக்குப் போனேன். என்னிடம் மீதியிருந்த ரூபாயைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். சங்கக் கடிதத்தை ஊருக்குப் போனதும் அனுப்புவதாகச் சொன்னேன். அதற்குள் போன் இரண்டு முறை அதிர்ந்தது. சங்கத்துக் குழுவில் கேட்டிருந்தார்கள்: அவர் மனைவிக்குக் கிடைத்ததா, ஒரு வார்த்தை பேசச் சொல்லலாமா?

"நடந்ததை நான் எழுதிவிடுகிறேன்" என்றேன்.

"வேணாம்க்கா."

"தப்பு என் மேல்தான் பர்வீன். நான் ஒப்புக்கொள்ள வேண்டாமா?"

"உங்க தப்ப யாரு பேசப்போறாங்க? போலீஸு அக்கவுண்ட்டப் புடிச்சு வச்சுக்கினு கீதுன்னா, என்னிய இன்னான்னு நெனப்பாங்க? அவர இன்னான்னு நெனப்பாங்க? பதிமூணு வருஷம் அங்க நல்ல பேரோட இருந்தாரு. உங்களாண்டகூட சொல்லாமத்தானே போனாரு."

எங்கள் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. மலாய் மொழியில் கெல்டாய் அக்காவுன் என்பார்கள், கழுதைக் கணக்கு. திருட்டுப் பணத்தைச் சுமக்க வாடகைக்கு விட்ட கணக்கு. தலைவர் அந்தச் சொல்லைத்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

அவள் முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். நான் போனில் வீடியோ எடுத்தேன். "அஸ்ஸலாமு அலைக்கும். நான் இலியாஸோட வீட்டுக்காரம்மா பேசறேன். நீங்க எல்லாரும் குடுத்தது வந்து சேந்துச்சு. என் பொண்ணு படிப்புக்கு ஆவும். அவர நீங்க நல்லபடியா அடக்கம் பண்ணீங்க. அல்லா உங்களுக்கு நல்லது செய்வான்." எடுத்ததைக் காட்டச் சொன்னாள். "கண்ணு செவந்து கீது. இன்னொரு தடவ எடுங்கக்கா" என்றாள். முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பேசினாள். நான் அனுப்பினேன். வரிசையாகக் கைகூப்பிய படங்கள் வந்தன. ஆறு மணிக்குள் கொடுக்க வேண்டிய ரவிக்கை ஒன்று இருந்தது. அவள் சட்டத்தை இழுத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பி ஐந்து வாரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். சங்கக் கடிதம் என்று எழுதி, தலைவரிடம் காரணம் சொல்லாமல் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். சாப்பாட்டுக் கடையில் ரொட்டிக் கல்லுக்கு முன்னால் இப்போது வேறொருவர் நிற்கிறார்.

ஒருநாள் காலை லாரி ஓட்டும் ஒரு வாடிக்கைக்காரர் என் மேசையில் வந்து உட்கார்ந்தார். இலியாஸோடு நெருக்கமானவர். அந்த அம்மா பேசியதைப் பார்த்து மனசு கேட்கவில்லை, நேற்று நானும் கொஞ்சம் அனுப்பினேன் என்றார். எண்ணைத் தலைவர் கொடுத்தாராம். பெருநாளுக்கு எல்லாரும் நேராக அதிலேயே போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம். என் செயலி ரசீதைத் தலைவருக்கு நான்தான் அனுப்பியிருந்தேன்.

இதற்கு மேல் மூடி வைத்தால் இன்னும் எத்தனை பேர் பணம் அதற்குள் விழும்? அங்கேயே, அவரிடமும் பிறகு தலைவரிடமும், எல்லாவற்றையும் சொன்னேன். லாரிக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். தலைவர் முழுவதும் கேட்டார். நான் எதிர்பார்த்த அந்தச் சொல்லைத்தான் சொன்னார். "இலியாஸுக்கும் தெரியும் என்கிறீர்களே, அப்புறம் என்ன?" என்றார். பொருளாளர் பொறுப்பை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை பர்வீனைக் கூப்பிட்டுச் சொன்னேன், இன்னின்னாருக்குச் சொல்லிவிட்டேன், இதனால்தான் சொன்னேன் என்று. மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"இன்னா சொன்னாங்கக்கா?" என்றாள்.

சங்கக் கடிதம் வந்து சேர்ந்ததா என்று திருப்பிக் கேட்டேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"சரிக்கா" என்றாள்.

கல்லூரி விடுமுறையில் சனாவோடு ரயிலேறி, புகார் இருக்கும் அந்த வடக்கத்தி ஊருக்குப் போவதாக இருந்தாள். போனாளா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பார்த்துவிட்டதற்கான நீலக் குறி விழுகிறது. பதில் வருவதில்லை.